எரர் எதுவும் வரலையே, அண்ணா!

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் தொழிலைப் பத்தி இருபது நிமிஷம் பேசு. ஆனா கெமிஸ்ட்ரி படிச்சவனுக்கும் புரியணும்" என்பது சங்கச் செயலாளர் எனக்குப் போட்ட உத்தரவு. என் தொழில் பிராசசர் வடிவமைப்பு. அதில் ஒரே ஒரு சின்ன மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பிராசசரையும் அதன் பக்கத்திலேயே இருக்கும் கேஷ் மெமரியையும் இணைக்கிற வாசல். எங்கள் பாஷையில் போர்ட். இந்த வாசல் தப்பான வீட்டுக்குத் திறந்திருந்தால் என்ன ஆகும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் கேஷ். நான் ஸ்ரீரங்கத்துக்காரன் என்பதால் உதாரணமும் அங்கிருந்தே. உத்தர வீதியில் ஒரு வீடு. அம்மா சமைக்கிறார். கடுகு வேண்டும் என்றால் அஞ்சறைப்பெட்டியில் கை விடுவார். அதில் தீர்ந்திருந்தால் பரண் டப்பா. அதுவும் காலி என்றால் யாராவது ஒன்றாம் நம்பர் பஸ் பிடித்து, காவிரிப் பாலம் தாண்டி, காந்தி மார்க்கெட் போய் வர வேண்டும். அஞ்சறைப்பெட்டிதான் முதல் கேஷ், பரண் இரண்டாம் கேஷ், காந்தி மார்க்கெட் மெயின் மெமரி, நடுவிலே இருக்கும் பாலம் பஸ். (கணிப்பொறியிலும் அதற்குப் பெயர் பஸ்தான். நான் வைத்ததல்ல.) 2022-23-ல் பாலத்தைப் பழுது பார்க்க மூடினார்களே, அப்போது ஊருக்குள் வந்துபோனவர்களுக்கு மெமரி பஸ் நெரிசல் என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை.

முதல் கேஷில் இருக்கிற சாமான் சில சுழற்சிகளில் கைக்கு வந்துவிடும். மெயின் மெமரிக்குப் போனால் நூறு, இருநூறு சுழற்சி ஆகலாம். மாரிஸ் வில்க்ஸ் என்ற ஆங்கிலேயர் 1965-ல் இந்த யோசனையை இரண்டே பக்கக் கட்டுரையாக எழுதினார். 1968-ல் ஐ.பி.எம். தன் 360 வரிசையின் 85-ஆம் மாடலில் அதை அறிவித்தது. இன்றைக்கு உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனிலும் இதே ஏற்பாடுதான். சாதாரணமாக அஞ்சறைப்பெட்டி இரண்டு இருக்கும். என்ன செய்ய வேண்டும் என்ற கட்டளைகளுக்கு ஒன்று, அதை எதன்மேல் செய்ய வேண்டும் என்ற டேட்டாவுக்கு ஒன்று.

சரி, பெட்டி எவ்வளவு பெரியதாக இருக்கலாம்? பெரிதாக்கினால் சிலிக்கானில் இடம் போகும், மின்சாரம் போகும், வேகமும் கொஞ்சம் குறையும். இதைச் சில்லு செய்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. ஒருமுறை ஃபேக்டரிக்குப் போய்விட்டால் ரப்பர் வைத்து அழிக்கிற சமாசாரம் இல்லை. 1994-ல் பென்டியம் சில்லில் வகுத்தல் கணக்கு சில எண்களுக்குத் தவறாக வந்தது. இன்டெல் அதற்கென்று ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர். அதனால் சில்லை முதலில் ஒரு புரோகிராமாக எழுதி, இன்னொரு கணிப்பொறிக்குள் ஓட்டிப் பார்க்கிறோம். இதுதான் சிமுலேட்டர்.

உலகம் முழுக்க ஆராய்ச்சியிலும் கல்லூரிகளிலும் அதிகம் பயன்படுபவற்றில் ஒன்று ஜெம்-5. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பிறந்த எம்-5, விஸ்கான்சினில் பிறந்த ஜெம்ஸ் இரண்டையும் ஒன்றாக்கி 2011-ல் அறிமுகக் கட்டுரை வந்தது. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். நம் பக்கத்துக்கு இது ஏன் முக்கியம் என்றால், சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி குழுவினர் ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பை வைத்து சக்தி பிராசசரைச் செய்தார்கள். 2018-ல் அமெரிக்காவில் இன்டெல் ஆலையில் ஒரு சில்லு, அதே ஆண்டு சண்டிகர் ஆலையில் இன்னொன்று. 2025-ல் இஸ்ரோவுடன் சேர்ந்து விண்வெளிக்கான ஐரிஸ். ரிஸ்க்-ஃபைவ் பிராசசரை ஜெம்-5-லும் ஓட்டலாம். ஆகவே திருச்சியில் ஹாஸ்டல் ரூமில் ஒரு லேப்டாப் இருந்தால், ஒரு பையன் தன் சொந்த பிராசசரைக் கட்டி ஓட்டலாம். நான் படிக்கும்போது இது எங்களுக்குப் பாடப்புத்தகத்தில் இரண்டு கட்டம், நடுவில் ஒரு அம்புக்குறி, அவ்வளவுதான்.

அந்த அம்புக்குறிதான் போர்ட். ஜெம்-5-ல் பிராசசருக்கு இரண்டு வாசல்: கட்டளைக்கு ஐகேஷ் போர்ட், டேட்டாவுக்கு டிகேஷ் போர்ட். கேஷுக்கும் இரண்டு: பிராசசரைப் பார்த்த வாசல், மெமரியைப் பார்த்த வாசல். எது எதோடு சேர வேண்டும் என்று பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதுகிறோம். ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு பக்கம் கேட்கிறவர், மறுபக்கம் கொடுக்கிறவர். கேட்கிற இருவரைச் சேர்த்தால் உடனே கத்தும். ஏற்கனவே ஆள் இருக்கும் வாசலில் இன்னொருவரைச் சொருகினாலும் கத்தும். கேஷை வைத்துவிட்டு அதன் வாசலைத் தொங்கவிட்டால் "இணைக்கப்படவில்லை" என்று சொல்லிவிட்டு நின்றுபோகும். புதிதாக வருகிறவர்கள் இந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். எனக்கு அதைப் பார்த்தால் நிம்மதி. கத்துகிற குழந்தைக்கு எங்கே வலி என்று கண்டுபிடித்துவிடலாம்.

கத்தாத ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். நமது கல்லூரி அல்ல, இந்த வட்டாரத்திலேயே வேறொரு கல்லூரி, பெயர் வேண்டாம். இறுதியாண்டு மாணவர்கள் இரண்டு பேர், ஒரு தம்பி, ஒரு தங்கை. தெரிந்தவர் மூலமாக என் நம்பரைப் பிடித்து, பிராஜெக்ட் ரிப்போர்ட்டை அனுப்பி, "அண்ணா, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்றார்கள். சமர்ப்பிக்கப் பத்து நாள் இருந்தது. தலைப்பு: டேட்டா கேஷின் அளவு, மேட்ரிக்ஸ் பெருக்கலின் வேகத்தை எப்படிப் பாதிக்கிறது. 64-க்கு 64 மேட்ரிக்ஸ். 16 கிலோபைட் கேஷ் வைத்து ஒரு முறை, 64 வைத்து ஒரு முறை ஓட்டியிருந்தார்கள். இரண்டுக்கும் எடுத்துக்கொண்ட நேரம் கடைசி இலக்கம் வரை ஒன்றே. அழகான பட்டை வரைபடம், இரண்டு பட்டையும் சம உயரம். முடிவுரையில் "இவ்வகைப் புரோகிராம்களுக்குக் கேஷ் அளவு பொருட்டல்ல" என்று எழுதி, கைடு கையெழுத்தும் ஆகிவிட்டது.

பேனாவை எடுத்து ஒரு கணக்குப் போடுங்கள். மேட்ரிக்ஸில் ஒரு எண்ணுக்கு 8 பைட். 64 தரம் 64 தரம் 8, மொத்தம் 32,768 பைட். அதாவது 32 கிலோபைட். பெருக்கும்போது இரண்டாவது மேட்ரிக்ஸ் முழுவதையும், முதல் மேட்ரிக்ஸின் ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு முறை, ஆக 64 முறை படிக்க வேண்டும். 16 கிலோபைட் பெட்டியில் 32 கிலோபைட் சாமான் அடங்காது. ஒவ்வொரு சுற்றிலும் காந்தி மார்க்கெட் போயாக வேண்டும். 64-ல் தாராளமாக அடங்கும். நேரம் மாறியே தீரணும். கொஞ்சம் வித்தியாசம் என்றால்கூட யோசிக்கலாம். ஒரு இலக்கம்கூட மாறவில்லை என்றால், நீங்கள் எதை மாற்றினீர்களோ அது அந்த இயந்திரத்தில் இல்லவே இல்லை என்று அர்த்தம்.

போனில் இதைச் சொன்னேன். அந்தத் தங்கை கேட்டார்: "எரர் எதுவும் வரலையே, அண்ணா?"

நியாயமான கேள்வி. ஜெம்-5 ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு ஃபோல்டரில் இரண்டு முக்கியமான கோப்புகளை எழுதி வைக்கும். ஒன்று ஸ்டாட்ஸ், புள்ளிவிவரம். எல்லோரும் அதைத்தான் திறப்பார்கள், அதிலும் முதல் பத்து வரியைத்தான். இன்னொன்று கான்ஃபிக். நீங்கள் கேட்ட இயந்திரம் அல்ல, ஜெம்-5 உண்மையிலேயே கட்டிய இயந்திரம் எது என்று வரிக்கு வரி அதில் இருக்கும். "ஸ்டாட்ஸில் டிகேஷ் என்று தேடு தம்பி" என்றேன். ஹிட், மிஸ் என்று ஒரு வரிகூட இல்லை. ஐகேஷுக்கு ஹிட், மிஸ் எல்லாம் பக்கம் பக்கமாக இருந்தது. "இப்ப கான்ஃபிக்கைத் திறந்து, டிகேஷ் போர்ட் எங்கே போகுதுன்னு படி." அவர் படித்தார்: மெம்பஸ், அதாவது மெமரி பஸ்.

டேட்டா வாசல் அஞ்சறைப்பெட்டியைத் தொடாமல் நேராகப் பாலத்துக்குத் திறந்திருந்தது. ஸ்கிரிப்டில் டேட்டா கேஷ் என்று ஒரு வரி இருந்தது, அளவும் கொடுத்திருந்தார்கள். ஆனால் அந்தக் கேஷை எந்த சிஸ்டத்துக்கும் சொந்தமாக்கவில்லை, எந்த வாசலோடும் சேர்க்கவில்லை. பைத்தானைப் பொறுத்தவரை அது சும்மா ஒரு பெயர். ஜெம்-5 அப்படி ஒரு பொருளைக் கட்டவே இல்லை. கட்டியிருந்தால் "வாசல் தொங்குகிறது" என்று கத்தியிருக்கும். கட்டாததைப் பற்றி என்ன கத்துவது? பிராசசரை நேராக மெமரியோடு சேர்ப்பதும் செல்லுபடியாகும் இயந்திரம்தான். கேஷ் இல்லாத பிராசசர் என்பது குற்றமா என்ன?

இன்னொரு விஷயம். 2020 வாக்கில் ஜெம்-5-ல் போர்ட் பெயர்களையெல்லாம் மாற்றினார்கள். முன்பு மாஸ்டர், ஸ்லேவ் என்று இருந்தது. இப்போது ரிக்வெஸ்ட், ரெஸ்பான்ஸ். நல்ல மாற்றம்தான். ஆனால் பழைய பெயரில் எழுதிய ஸ்கிரிப்டுகள் இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. இவர்களுடையதில் பாதி வரி பழைய பெயர், பாதி புதுப் பெயர். அதைப் பார்த்ததும், இது ஒரு கையால் எழுதியது இல்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வாசலை மாற்றுவது மூன்று வரி வேலை. கேஷை பிராசசருக்குச் சொந்தமாக்கு, டிகேஷ் போர்ட்டை அதன் முன்வாசலோடு சேர், பின்வாசலைப் பஸ்ஸோடு சேர். ஓட்டினார்கள். 64 கிலோபைட் பட்டை குட்டையாகிவிட்டது. ராத்திரி பதினொன்றரைக்குப் படம் அனுப்பினார்கள், அதில் பட்டையைவிட அந்தத் தம்பியின் கட்டைவிரல்தான் பெரிதாகத் தெரிந்தது.

அத்தோடு முடியவில்லை. ரிப்போர்ட்டின் இரண்டாம் பாதியில், தாங்களே சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிய ஒரு சின்னக் கேஷை நடுவில் வைத்துப் பார்ப்பதாக இருந்தது. பிராசசர் பக்கம் இரண்டு வாசல், மெமரி பக்கம் ஒரு வாசல். எளிய பிராசசர் மாடலில் நன்றாக ஓடியது. பைப்லைன் உள்ள மாடலுக்கு மாற்றியதும் ஒரு நொடியில் நின்று, "எல்லையை எட்டிவிட்டது" என்று சொல்லி ஒரு எண்ணைக் காட்டியது: 18446744073709551615.

இந்த எண்ணை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 64 பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண். ஜெம்-5-ல் ஒரு டிக் சாதாரணமாக ஒரு பிக்கோ வினாடி. அந்தக் கணக்கில் இது 213 நாள். ஒரு நொடியில் 213 நாளைக் கடந்துவிட்டது! வேறொன்றுமில்லை. செய்ய வேண்டிய நிகழ்வு எதுவும் வரிசையில் மிச்சமில்லை. எல்லோரும் யாரோ ஒருவருக்காகக் காத்திருக்கிறார்கள். அதனால் கடிகாரத்தைக் கடைசி வரைக்கும் தள்ளிவிட்டுக் கடையைக் கட்டிவிட்டது.

ஏன் காத்திருக்கிறார்கள் என்பதற்கு நம்ம ஊர்ச் சொத்து ஒன்றை உதாரணம் சொல்கிறேன். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்த எழுத்தாளர் சுஜாதா, பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தபோது மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தார் என்பது உங்களுக்குத் தெரியும். அதில் இரண்டு பெட்டி, நடுவில் ஒரு கேபிள். அதிகாரி தன் பெட்டியில் பட்டனை அழுத்தி அனுமதி கொடுத்தால்தான் உங்கள் பெட்டியில் விளக்கு எரியும். அப்போதுதான் ஒரு ஓட்டு. விளக்கு எரியாதபோது சின்னத்தை எத்தனை தரம் அழுத்தினாலும் பிரயோஜனமில்லை. அதிகாரி அழுத்த மறந்துவிட்டால்? இயந்திரத்தில் பழுதில்லை, வாக்காளரிடம் தப்பில்லை, ஆனால் வரிசை சாயங்காலம் வரை நகராது.

ஜெம்-5-ன் போர்ட்டும் அப்படித்தான். பிராசசர் கேட்கும், கேஷ் வேறு வேலையாக இருந்தால் "இப்போ முடியாது" என்று மறுக்கலாம். மறுத்த பிறகு பிராசசர் திரும்பத் திரும்பக் கேட்கக்கூடாது. வேலை முடிந்ததும் "இப்போ கேள்" என்று கேஷ்தான் கூப்பிட வேண்டும். இதற்கு ரீட்ரை என்று பெயர். மறுத்தவருக்குத்தான் கடமை. இந்த மாணவர்களின் கேஷ் இரண்டு வாசலிலும் ஒழுங்காக மறுத்தது. வேலை முடிந்ததும் கட்டளை வாசலை மட்டும் கூப்பிட்டது. டேட்டா வாசல் 213 நாளாக விளக்கு எரியுமா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

எளிய மாடலில் ஏன் தெரியவில்லை? அது ஒரு நேரத்தில் ஒன்றுதான் கேட்கும்: கட்டளையோ, டேட்டாவோ. கேஷ் மறுக்கும்படியான சந்தர்ப்பமே வராது. பைப்லைன் மாடல் இரண்டையும் ஒரே சமயத்தில் கேட்டது, வண்டவாளம் தெரிந்தது. ஆகவே, தம்பிகளே, நீங்கள் எழுதும் பெட்டியை அமைதியான பிராசசரோடு மட்டும் சோதித்துவிட்டு விட்டுவிடாதீர்கள். சண்டைக்காரனைக் கொண்டுவந்து ஓட்டுங்கள். எந்த வாசல் எப்போது மறுத்தது, எப்போது கூப்பிட்டது என்று ஒவ்வொரு மறுப்புக்கும் ஒரு வரி அச்சிடச் சொல்லுங்கள். மறுப்பையும் கூப்பிட்டதையும் எண்ணினால் எங்கே ஒன்று குறைகிறதோ, அங்கேதான் பிழை. இந்த வேலையில் பாதி இப்படிக் கணக்குப்பிள்ளை வேலைதான். மளிகைக் கடையில் சிட்டை சரிபார்த்த அனுபவம் உள்ளவர்கள் எங்கள் தொழிலில் நன்றாக வருவார்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம்.

பெட்டி ஓடியது. இன்னும் ஆறு நாள் இருந்தது. இப்போதுதான் உண்மையான சிக்கல்.

முடிவுரை தலைகீழாகிவிட்டது. கையெழுத்துப் போட்ட கைடிடம் போய், "சார், நீங்க ஒப்புக்கொண்ட முடிவு தப்பு" என்று சொல்ல வேண்டும். அந்தத் தம்பிக்கு வேலைக்கான ஆர்டர் வந்துவிட்டது. பிராஜெக்ட் மார்க்கில் கை வைத்தால் என்ன ஆகுமோ என்று பயம். "பழசையே கொடுத்துடலாமா அண்ணா? யாரும் ஓட்டிப் பார்க்கப் போறதில்லை" என்றார். அவர் சொன்னதும் உண்மைதான், யாரும் ஓட்டிப் பார்க்க மாட்டார்கள். நான் முடிவைச் சொல்லவில்லை. கான்ஃபிக்கின் இரண்டு பிரதியையும், பழசும் புதுசும், அந்த ஒரு வரியில் மட்டும் சிவப்பு மையால் கோடு போட்டு எடுத்துக்கொண்டு போங்கள் என்றேன். அந்தத் தங்கைதான் முதலில் எழுந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கைடு பத்து நிமிஷம் இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தாராம். திட்டவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "போன வருஷ பேட்சும் இதே ஸ்கிரிப்ட்தானே?"

ஆமாம். போன வருஷமும், அதற்கு முந்தின வருஷமும். துறை நூலகத்தில் பைண்டு செய்த இரண்டு ரிப்போர்ட். இரண்டிலும் சம உயரப் பட்டைகள், இரண்டிலும் ஏறக்குறைய அதே முடிவுரை. மூன்றாவது பேட்ச் முதல் இரண்டைப் படித்துவிட்டு, "ஏற்கனவே கண்டறிந்தபடி" என்று வேறு எழுதியிருந்தது. மூன்று வருஷம், மூன்று சாட்சி. ஆனால் இயந்திரம் ஒன்றுதான்.

முதன்முதலில் அந்த ஸ்கிரிப்டை எழுதிய சீனியரைத் தேடிப் பிடித்தார்கள். அவர் இப்போது வெளியூரில் வேலையில் இருக்கிறார். போனில் அவர் சொன்னது: அவருடைய பிராஜெக்ட் கட்டளைக் கேஷைப் பற்றி மட்டும். டேட்டா பக்கம் குறுக்கே வரக்கூடாது என்று வேண்டுமென்றேதான் டேட்டா வாசலை நேராக மெமரிக்கு விட்டார். அவருடைய ரிப்போர்ட்டில் அந்தப் படமும் இருக்கிறது, சரியாகவே இருக்கிறது. அடுத்து வந்தவர்கள் ஸ்கிரிப்டை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், படத்தை எடுத்துக்கொள்ளவில்லை. நடுவில் யாரோ டேட்டா கேஷுக்கு ஒரு வரி சேர்த்தார்கள். யார் என்று தெரியவில்லை, தேடவும் இல்லை.

இவர்கள் புது முடிவுரையோடு, இரண்டு நாள் தாமதமாகச் சமர்ப்பித்தார்கள். தாமதத்துக்கு மார்க் பிடித்தார்கள், அது விதி. பின்னிணைப்பில் கான்ஃபிக்கிலிருந்து போர்ட் வரிகளை மட்டும் எடுத்து ஒரு பக்கமும், கையால் வரைந்த இணைப்புப் படம் ஒன்றும் சேர்த்தார்கள். இப்போது அந்தத் துறையில் எல்லா பேட்சுக்கும் இந்த இரண்டு பக்கமும் கட்டாயம் என்று கேள்வி. நூலகத்தில் இருக்கும் பழைய இரண்டு ரிப்போர்ட்டிலும் கைடு தன் கையாலேயே ஒரு துண்டுத்தாள் எழுதி, முடிவுரைப் பக்கத்துக்கு எதிரே ஒட்டிவைத்திருக்கிறார். "இந்த ஓட்டங்களில் டேட்டா கேஷ் இணைக்கப்படவில்லை" என்று மட்டும், கீழே தேதி, கையெழுத்து.

நம் கல்லூரி லேபிலும் ஜெம்-5 இருக்கிறது, பார்த்துவிட்டு வந்தேன். இன்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நான் அங்கேதான் இருப்பேன். ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் கான்ஃபிக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு வாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து படிப்போம்.